செங்கோட்டைப் பக்கம் ஒரு விரல்

குற்றாலம்
24-8-1985

அன்புள்ள விஜயத்துக்கு,

மதினி குற்றாலத்தில் டூட்டியிலிருந்து எழுதுவது. தென்காசி வீட்டில் நானும், அண்ணன், சொக்கம்மாள் மதினி, அவர்கள் மகள் முத்துவடிவு எல்லாரும் நல்ல சுகம். அங்கே நீயும் தம்பியும் சுகம்தானே? பெங்களூர்க் குளிர் உனக்குச் சேரவில்லை, சளி பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று ஆடியில் வந்தபோது தம்பி சொன்னான். சுக்கும் மிளகும் இடித்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வாயைத் திறந்து குடி, மூக்கைப் பிடித்துக்கொள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிறவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. பொழுதெல்லாம் அடுத்தவர் பேச்சுக்குக் கம்பி மாட்டிவிட்டு வருகிறவளுக்குத் தன் பேச்சைக் காகிதத்தில் பேசினால்தான் திருப்தி. சீசன் முடிகிற நேரமும் ஆள் விடவில்லை. மெட்ராஸ்காரர்கள் லாட்ஜைக் கேட்பதற்கு முன்னால் என்னைத்தான் கேட்கிறார்கள், அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பதில் சொல்கிறேன். இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

ஒரு காரியம் கேட்க வேண்டும். உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் நிலா எங்கே நிற்கும் என்று சொல்லும் என்று தம்பி பெருமையடித்தான். நம் வீட்டில் மூன்றாம் பிறை பார்க்கிற வழக்கம் உனக்குத் தெரியும். காலண்டரில் ஒரு நாள் போட்டிருக்கிறான், சில மாதம் முந்தின சாயங்காலமே தெரிந்துவிடுகிறது. போன வாரம் அப்படித்தான் நான் ஏமாந்துபோனேன். வீட்டில் கொஞ்சம் மனஸ்தாபம். எந்தச் சாயங்காலம் பிறை தெரியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் என் டூட்டியை அதற்குத் தகுந்த மாதிரி போட்டுக்கொள்வேன். உன்னால் முடியுமா?

உன் பிரியமுள்ள மதினி,
குழல்வாய்மொழி


பெங்களூர்
9-9-1985

அன்புள்ள மதினிக்கு,

நமஸ்காரம். சுக்கு மிளகுப் பொடி வந்தது. ஆபீஸில் இரண்டு பேருக்கு ஜலதோஷம் தீர்ந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் தீரவில்லை. உங்கள் தம்பி சௌக்கியம். அத்தான், சொக்கம்மாள் அக்கா, முத்துவடிவு எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் செய்கிற வேலை என்ன என்று நம் வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கல்யாணத்தின்போது, வேலையை விட்டுவிட்டு வரட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் படித்தது அடுப்பு ஊதுவதற்கா என்று சபையில் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதை நான் மறக்கவில்லை.

இங்கே கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வானியல்காரர்கள் அதில் ஒரு புரோகிராம் வைத்திருக்கிறார்கள், தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்று பார்த்துக்கொள்ள. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் கொடுத்தால், நிலா எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று அச்சடித்துத் தந்துவிடும். அவர்களிடம் கேட்டு வாங்கிவிட்டேன்.

ஆனால் அதற்கு மலை தெரியாது. உலகமெல்லாம் கடற்கரை மாதிரி மட்டமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். உங்களுக்கு மேற்கே அவ்வளவு பெரிய மலை நிற்கிறதே. அதனால் நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். பிறை பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டு, கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடிவானத்திலிருந்து மலை உச்சி வரைக்கும் எத்தனை முஷ்டி உயரம் என்று அளந்து சொல்லுங்கள். ஒரு முஷ்டி சுமார் பத்து டிகிரி, ஒரு விரல் இரண்டு டிகிரி. தென்மேற்கிலிருந்து வடமேற்கு வரைக்கும் ஒவ்வொரு பக்கமாக வேண்டும். மலையை நான் புரோகிராமில் சேர்த்துவிடுகிறேன்.

உங்கள் அன்புள்ள,
விஜயம்


குற்றாலம்
2-10-1985

அன்புள்ள விஜயத்துக்கு,

நலம். உன் சளி போயிற்றா? மலைக்குக் கணக்குப் போடுகிறவளுக்கு ஒரு சளியைத் துரத்தத் தெரியவில்லை.

அளந்துவிட்டேன். எக்ஸ்சேஞ்ச் மொட்டை மாடியில் நின்றுகொண்டு கையை நீட்டி, கண்ணை மூடி, முஷ்டிமேல் முஷ்டி வைத்துக்கொண்டிருந்தபோது லைன்மேன் ஞானதுரை ஏணியில் ஏறி வந்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, “என்னக்கா, மலையோட சண்டைக்கு நிக்குதீங்க?” என்று கேட்டான். ஆமாம், உனக்கும் ஒன்று வேண்டுமா என்றேன். அப்புறம் விஷயத்தைச் சொன்னதும் அவனே தன் முஷ்டியால் அளந்து சரி பார்த்தான். அவன் முஷ்டி பெரியது, கையும் நீளம், அதனால் கணக்கு ஒன்றாகத்தான் வந்தது. உனக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்கும்.

நேர் மேற்கே இரண்டு முஷ்டி. தென்மேற்கே அதற்கும் மேலே. வடக்கே போகப் போக மலை இறங்குகிறது. செங்கோட்டைப் பக்கம், கணவாய் இருக்கிற இடத்தில் ஒரு விரல்தான்.

தென்காசி வீட்டு மாடியில் நின்று அளந்திருக்கலாம். ஆனால் நான் மலைக்கு முஷ்டியைக் காட்டுவதைப் பார்த்தால் அண்ணன் வைத்தியருக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். இரண்டும் ஒரே ஊர் மாதிரிதானே, டவுன் பஸ் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடுகிறது. குற்றாலத்துக்கே போடு.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு குற்றால மலைக்குப் பின்னால் நிலா எப்போது ஒளியும் என்று நம் வீட்டுப் பெண் ஒருத்தி சொல்லப்போகிறாள். ஜெபமலரிடம், அதுதான் என்கூட வேலை பார்க்கிற பெண், சொல்லிச் சொல்லி அவள் காதே புளித்துவிட்டது. உன்னைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு இப்போது ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது.

உன் மதினி,
குழல்


பெங்களூர்
23-10-1985

அன்புள்ள மதினிக்கு,

எல்லாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். சளி போய்விட்டது, இனிமேல் கேலி செய்ய முடியாது.

இத்துடன் இருக்கிற நீளக் காகிதம்தான் கம்ப்யூட்டர் அச்சடித்தது. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருப்பது எலி கடித்ததல்ல, காகிதமே அப்படித்தான். நவம்பரும் டிசம்பரும் இருக்கின்றன. எந்தச் சாயங்காலம் பிறை தெரியுமோ அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். முதல் தடவை மலையைச் சேர்க்காமல் ஓட்டினேன், பிறகு உங்கள் முஷ்டிக் கணக்கைச் சேர்த்து ஓட்டினேன். நிலா மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிப் போனதை வரிவரியாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வானியல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, இந்த அளவை எடுத்தது எந்தச் சர்வேயர் என்று கேட்டார். எங்கள் மதினி என்றேன்.

சிவப்பு வட்டம் போட்ட நாளில் மறக்காமல் பாருங்கள். பிறை எப்படி இருந்தது, எந்த உச்சிக்கு மேலே நின்றது என்று எனக்கு எழுதுங்கள். அதுதான் என் சம்பளம்.

தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு புடவை அனுப்பியிருக்கிறேன். பச்சையில் மயில்கழுத்துக் கரை. பெட்டியில் வைக்காமல் கட்டுங்கள்.

அன்புள்ள,
விஜயம்


குற்றாலம்
22-12-1985

அன்புள்ள விஜயத்துக்கு,

சுகம். தம்பியும் நீயும் சுகமாக இருக்கக் குற்றாலநாதரை வேண்டுகிறேன். மார்கழிக் குளிரில் எக்ஸ்சேஞ்ச் பானைத் தண்ணீரைப் போல ஜில்லென்று கிடக்கிறது.

உன் காகிதம் இரண்டு மாதமும் பொய் சொல்லவில்லை. நீ வட்டம் போட்ட சாயங்காலமே அண்ணன் வீட்டில் பிறை பார்த்திருக்கிறார்கள். டிசம்பரில் காலண்டரில் வேறு நாள் போட்டிருந்தது, உன் காகிதம்தான் ஜெயித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஞானதுரை, அக்கா காலண்டரே அச்சடிக்கலாம் என்கிறான்.

எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளும் எனக்குச் சாயங்கால டூட்டி. ஜெபமலருக்கு வீட்டில் வேலை இருந்தது.

இப்போது பெரிய செய்தி. முத்துவடிவுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை ஆலங்குளம், பெயர் வல்லிநாயகம், உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல பையன் என்று விசாரித்துவிட்டோம். நான் எப்படி விசாரித்தேன் என்று கேட்காதே, ஆலங்குளம் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆள் உண்டு. முத்துவடிவை நான் இடுப்பில் வைத்து வளர்த்தது உனக்குத் தெரியும். அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட கை இது. நீ கட்டாயம் வர வேண்டும்.

வரும்போது பிப்ரவரி மாதத்துக் கணக்கையும் கொண்டு வா. கல்யாணமான பிள்ளைக்கு அது முதல் பிறை. அந்த மாதம் மட்டும் துளிகூடத் தப்பக் கூடாது, விஜயம்.

மதினி


பெங்களூர்
12-1-1986

அன்புள்ள மதினிக்கு,

உங்களுக்கும் வீட்டில் எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. கல்யாணச் செய்தி கேட்டு நானும் குதித்தேன், ஆனால் வர முடியாது. பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புது மெஷின் வைக்கிறார்கள், ஒருவருக்கும் லீவு கிடையாது. உங்கள் தம்பி மட்டும் வருகிறார். முத்துவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, சித்தி அழுதாள் என்று சொல்லுங்கள்.

பிப்ரவரிக் கணக்கு இத்துடன். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். பத்தாம் தேதி குற்றாலத்தில் பிறை தெரியாது. இருட்டுவதற்கு முன்னாலேயே மலை மறைத்துவிடும். பதினொன்றாம் தேதிதான், உங்கள் காலண்டரும் அதையேதான் சொல்கிறது. கவலை வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வட்டம் போடுகிற நாளில் எல்லாம் உங்களுக்குச் சாயங்கால டூட்டி விழுகிறதே, எப்படி? பிறை பார்ப்பதற்காகத்தானே தேதி கேட்டீர்கள்?

அன்புள்ள,
விஜயம்


குற்றாலம்
3-3-1986

அன்புள்ள விஜயத்துக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தம்பி சொல்லியிருப்பான். பந்தியில் குறை சொல்ல வந்தவர்கள்கூட இரண்டாம் தடவை பாயசம் கேட்டார்கள்.

நான் இங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாள் முப்பிடாதியம்மாள் நல்ல மனுஷி. மாடியில் தனி அறை, எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தே போய்விடலாம், பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. வசதிக்காகத்தான். இனிமேல் கடிதத்தை எக்ஸ்சேஞ்ச் விலாசத்துக்கே போடு.

உனக்குப் புது மெஷினில் வேலை அதிகம். பிறைக் கணக்கு இனிமேல் வேண்டாம்.

மதினி


பெங்களூர்
24-3-1986

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்கள் கடிதத்தில் வழக்கமான கேலி ஒன்றுகூட இல்லாததைப் பார்த்து நான் பயந்துவிட்டேன்.

அத்தான் உங்கள் தம்பிக்கு எழுதின கடிதம் நேற்று வந்தது. உரவிலை, நெல்விலை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: ‘பிறை விஷயமாக வீட்டில் சிறு சங்கடம், குழல் குற்றாலத்தில் அறை எடுத்துக்கொண்டது.’ உங்கள் தம்பி படித்துவிட்டு, அக்காவுக்கு இனி அலைச்சல் மிச்சம் என்றார். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

கல்யாணமாகி நான் வந்த புதிதில் சொக்கம்மாள் அக்கா என்னை முற்றத்துக்குக் கூட்டிப் போய் நிறுத்தினார்கள். எல்லாரும் பிறையைப் பார்த்துவிட்டு வரிசையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். பிறை பார்த்த கண்ணால் முதலில் ஒரு சுமங்கலி முகத்தைப் பார்த்தால் அந்த மாதம் நன்றாகப் போகும் என்று அக்கா சொன்னார்கள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. மதினி எங்கே என்று கேட்டேன். டூட்டி என்றார்கள். எவ்வளவு பெரிய முட்டாள் நான். நீங்கள் அன்றைக்கும் எங்கோ ஒதுங்கி நின்றிருக்கிறீர்கள், நான் பூவைச் சரிசெய்துகொண்டு நின்றிருக்கிறேன்.

பிறையைப் பார்க்கத்தான் தேதி கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொள்ளக் கேட்டிருக்கிறீர்கள். நானும் சிவப்பு மை போட்டு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். மதினி, பிறை தெரியாது என்று நான் எழுதின பத்தாம் தேதி என்ன நடந்தது? என் கணக்கில்தானே தப்பு? சொல்லுங்கள். எனக்கு இரண்டு நாளாக வேலை ஓடவில்லை.

உங்கள்,
விஜயம்


பெங்களூர்
10-4-1986

மதினிக்கு,

சுகமா? பதில் இல்லை. கோபம் என்றாலும் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

விஜயம்


குற்றாலம்
20-4-1986

அன்புள்ள விஜயத்துக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன்னைப் பட்டினி போட்டதற்கு மன்னித்துக்கொள், கண்ணே. கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

பத்தாம் தேதி உன் காகிதத்தை நம்பி நான் பகல் டூட்டி பார்த்துவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். முத்துவடிவும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்திருந்தார்கள். அவளுக்குப் பிடிக்கும் என்று கதம்பம் வாங்கிக்கொண்டு போனேன். தெருவுக்குள் திரும்பினால் எல்லாரும் வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஏரோப்ளேன் போகிறது என்று நினைத்தேன். யாரோ பிறை தெரிகிறது என்று குரல் கொடுத்து, எல்லாரும் வெளியே வந்திருக்கிறார்கள். நான் குற்றாலத்திலிருந்து வருகிறவள், மேற்கேயிருந்துதான் வருவேன். பிறை என் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே. முத்துவடிவு கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினாள். எதிரே நான்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொக்கம்மாள் மதினிதான் அவள் கண்ணைக் கையால் பொத்தினாள். “பிள்ளை முதப் பிறை பாக்குதா. இன்னைக்குன்னு பாத்து வந்து நிக்குதியே குழலு” என்றாள். சத்தம் போடவில்லை. அழுகிற குரலில்தான் சொன்னாள். அண்ணன் உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்தார்.

மதினிமேல் எனக்கு வருத்தம் உண்டு, வெறுப்பு இல்லை. பெற்ற பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. இனி ஒவ்வொரு மாதமும் அவள் என்னைப் பார்த்துப் பயப்படுவாள், நான் அவளைப் பார்த்துப் பயப்படுவேன். அதனால்தான் கிளம்பிவிட்டேன்.

ஆனால் ஒன்று. உன் கணக்கில் துளியும் தப்பில்லை. மறுநாள் ஞானதுரையைக் கேட்டேன். அன்று சாயங்காலம் அவன் எக்ஸ்சேஞ்ச் மாடியில்தான் இருந்தான், பிறை தெரியவே இல்லை, மலைக்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் இருந்தது என்றான். நீ குற்றாலத்துக்குக் கணக்குப் போட்டாய், குற்றாலம் அப்படியே நடந்துகொண்டது. தென்காசியில் மலை தள்ளி நிற்கிறது, பாதி உயரம்தான் தெரிகிறது. இரண்டும் ஒரே ஊர் என்று சொன்னவள் நான். எங்கோ இருந்துகொண்டு எங்கள் மலைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கும், அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சரியாகச் சொன்ன பெண்ணை, என்ன சங்கடம் வந்தாலும் நான் மெச்சாமல் இருக்க முடியாது.

இப்போது எனக்குக் கணக்குத் தேவையில்லை. இங்கே மலை எல்லாவற்றையும் மறைத்துக்கொள்கிறது. அவர் போனதிலிருந்து நான் பிறையைப் பார்த்ததில்லை. அவர் இலாகாவிலேயே எனக்கு வேலை கொடுத்தார்கள், சாயங்கால டூட்டி என்று ஒன்று இருந்தது, பிழைத்தேன். நீ சாப்பிடு, தூங்கு.

உன் மதினி


பெங்களூர்
16-5-1986

அன்புள்ள மதினிக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு சாப்பிட்டேன், நீங்கள் சொன்னதால்.

அந்த வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாதம்கூட முகம் கோணாமல், அத்தனை பேருக்கும் நல்லதே நினைத்துக்கொண்டு, தன்னைத்தானே டூட்டி போட்டு ஒதுக்கிக்கொண்ட ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் கோபமாக இருக்கிறது. உங்கள்மேலும்கூட.

புது மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் அதில் முதலில் போட்டது உங்கள் மலையைத்தான். அக்டோபர் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். நாம் இரண்டு பேருமே கவனிக்காமல் விட்ட வரி ஒன்று அதில் இருக்கிறது. ‘செங்கோட்டைப் பக்கம் ஒரு விரல்தான்.’

வெயில் காலத்தில் பிறை வடக்கே தள்ளி இறங்கும். அதிலும் இந்த ஒன்றிரண்டு வருஷங்கள் நிலா வழக்கத்தைவிட இன்னும் வடக்கே போகிறது. பத்தொன்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் இவ்வளவு தூரம் போகுமாம். ஜூன் ஒன்பதாம் தேதி சாயங்காலம் பிறை கணவாய்க்கு மேலேயே இறங்குகிறது. அங்கே உங்கள் மலைக்கு உயரம் இல்லை. முப்பிடாதியம்மாள் வீட்டு மாடியில் நின்றால் இருட்டின பிறகும் வெகுநேரம் தெரியும். இந்தத் தடவை ஊரை மாற்றிப் போடவில்லை, நீங்கள் நிற்கிற இடத்துக்கே போட்டேன்.

மேகத்தைப் பற்றி மட்டும் இந்தப் புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது. ஜூனில் உங்களுக்குச் சாரல் வந்துவிடும். அதைக் குற்றாலநாதரிடம்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இன்னும் லீவு இல்லை, இல்லாவிட்டால் ஓடி வந்திருப்பேன். அந்த ஒரு சாயங்காலம் டூட்டியை ஜெபமலருக்குக் கொடுத்துவிட்டு மாடியில் நில்லுங்கள். எனக்காக. நான் இன்னொரு கடிதமும் எழுதியிருக்கிறேன், யாருக்கு என்று கேட்காதீர்கள்.

உங்கள்,
விஜயம்


குற்றாலம்
11-6-1986

என் கண்ணான விஜயத்துக்கு,

சுகம், சுகம், பரம சுகம். நீங்கள் இரண்டு பேரும் இதே போல இருக்க வேண்டும்.

ஒன்பதாம் தேதி விடிந்ததிலிருந்து சாரல். டிரங்க் காலில் எல்லாரும் சீசன் ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அவர்களைத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஜெபமலர் சாயங்கால டூட்டிக்கு வந்து ஹெட்போனை என் தலையிலிருந்து தானே கழற்றினாள். போங்கக்கா என்றாள்.

நீ அனுப்பின மயில்கழுத்துக் கரைப் புடவையை முதல் தடவையாகக் கட்டிக்கொண்டு மாடியில் நின்றேன். மலை முழுக்க மேகம். நான் பாட்டுக்கு முட்டாள் மாதிரி கையை நீட்டிக்கொண்டு, செங்கோட்டைப் பக்கம் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றேன். கணவாய்க் காற்று உனக்குத் தெரியுமே, புடவையைப் பிடுங்குகிற காற்று. அதுதான் காரியம் செய்தது. அந்தப் பக்கத்து மேகத்தை மட்டும் ஒதுக்கித் தள்ளியது. என் விரலுக்கு மேலே பிறை இருந்தது, விஜயம். நீ சொன்ன இடத்தில், ஓரம் கழுவின மாதிரி சுத்தமாக. அதைப் பார்க்காமல் இத்தனை வருஷம் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன் பெயரைச் சொல்லித்தான் கும்பிட்டேன்.

அப்போது பின்னால் படியில் காலடிச் சத்தம். வளையல் சத்தமும் கேட்டது. முப்பிடாதியம்மாள் வளையல் போடுவதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போய்விட்டது.

“அத்தை, நான் பாத்துட்டேன். இப்பம் திரும்புங்க” என்றாள் முத்துவடிவு.

“ஏட்டி, இங்கன எதுக்கு வந்தே? உங்கம்மை அறிஞ்சா…” என்றேன்.

“அம்மைட்ட சொல்லிட்டுத்தான் வாரேன்” என்றாள். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள். “அன்னைக்கு உங்க முகத்தைப் பாத்தேன். நாலு மாசமா எனக்கு ஒரு குறையும் வரலை. என் முகத்தைப் பாத்த உங்களுக்குத்தான் வீடு போச்சு. அப்பம் யாரு முகம் ஆகாத முகம், சொல்லுங்க அத்தை.”

ஊரெல்லாம் பேசுகிறதைக் கேட்டவள், இப்படி ஒரு பேச்சை நான் எந்த லைனிலும் கேட்டதில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறை பார்த்த கண்ணால் நானும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் அழுதோம், பிறகு அழுததற்காகச் சிரித்தோம். கீழே மாப்பிள்ளை குடையோடு நின்றுகொண்டிருந்தார், மேலே வர வெட்கம்.

நீ அவளுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன், சித்தி சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்றாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். சொக்கம்மாள் மதினி என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டேன். வாசல் வரைக்கும் வந்து, முந்திரிக்கொத்துப் பலகாரத்தை ஒரு தூக்குவாளியில் போட்டுக் கையில் கொடுத்தாளாம், உன் அத்தைக்குப் பிடிக்கும் என்று. தூக்குவாளி இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. காலி செய்து திருப்பிக் கொடுக்க நானேதான் போக வேண்டும்.

நீ இங்கே இல்லையே என்று குறைப்பட்டிருந்தாய். இருந்தாய், விஜயம். அந்தப் பிறையையும், அந்த மாடியையும், அந்தப் பிள்ளையையும் ஒரே இடத்தில் கொண்டு வந்து நிறுத்தினது யார்?

அடுத்த மாதத்துக் கணக்கைக் குற்றாலத்துக்குப் போடாதே. தென்காசிக்கும் இப்போதைக்கு வேண்டாம். ஆலங்குளத்துக்குப் போடு. அங்கே மலை தூரத்தில் கோடு மாதிரிதான் தெரியும், மலையைக் கணக்கில் சேர்க்கிற வேலையே உனக்கு இருக்காது என்று முத்துவடிவு சொல்கிறாள். அவள் வீட்டு மாடியில் பிறை பார்க்க என்னை அழைத்திருக்கிறாள். ஜெபமலரிடமும் சொல்லியாயிற்று, இனிமேல் பிறைச் சாயங்காலம் எல்லாம் அவளுக்குத்தான் டூட்டி.

தேதியை மட்டும் சொல். சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பு.

உன் மதினி,
குழல்வாய்மொழி